மயில்கழுத்து நிறத்தில் ஒரு மார்கன் டாலர்: டோனிங் தானாக வந்ததா, வரவழைத்ததா?

#1 காசுப்பித்தன்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். இப்போது வசமாக மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்) வாங்கினேன். 1881, எஸ் முத்திரை (சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது). விளம்பரப் படத்தில் மயில்கழுத்து நிறம். நீலமும் ஊதாவும், நடுவில் கொஞ்சம் பச்சை. யோசிக்கவே இல்லை, எடுத்துவிட்டேன். கைக்கு வந்ததிலிருந்து ஏதோ உறுத்துகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. எடை 26.7 கிராம், விட்டம் 38 மில்லிமீட்டர், காந்தத்தில் ஒட்டவில்லை. காசு அசல்தான் என்று நினைக்கிறேன். நிறம்தான் சந்தேகம், அதாவது டோனிங் (வெள்ளியின் மேல்பரப்பு நாளடைவில் நிறம் மாறுவது). விற்றவர், "பழைய ஆல்பத்தில் ஐம்பது வருடம் தூங்கிய காசு" என்கிறார். ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதில் மூன்று நாள் போய்விட்டது.

படம் மூன்று போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

#2 எதிர்க்கேள்வி

அழகாக இருக்கிறதா? இருக்கிறது. அப்புறம் என்ன உறுத்தல்?

#3 பழங்கண்

தம்பி, மூன்று படமும் குழல்விளக்கின் கீழ் எடுத்தவை. குழல்விளக்கு வெளிச்சத்தைப் பரப்பி விடும். எந்தக் கீறலையும் மன்னித்துவிடும். அறையை இருட்டாக்கிவிட்டு ஒரே ஒரு சிறிய விளக்கைப் போடுங்கள். காசை விளிம்பில் பிடித்து, விளக்குக்கு நேர் கீழே மெதுவாகச் சாய்த்து, சாய்த்தபடியே சுற்றுங்கள். முதலில் வெறும் கண். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பிறகு. எடுத்த எடுப்பில் லூப்பை வைத்தால் காசு தெரியாது, கீறல்தான் தெரியும்.

நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறத்துக்குக் கீழே ஒளி சுற்றுகிறதா என்று பாருங்கள்.

அச்சு ஓங்கி அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரப்புகளாகக் காசின் மேல் நின்றுவிடும். அந்த வரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் லஸ்டர். காசைச் சுற்றினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இரண்டு ஒளிக்கீற்றுகள் சேர்ந்து சுற்றும். இயற்கையான டோனிங் மிக மெல்லிய படலம். அதன் ஊடாகவும் இந்தச் சக்கரம் சுழல வேண்டும். அதிலும் 1881-எஸ் நல்ல அச்சுக்கும் பளபளப்புக்கும் பெயர் போனது. அதில் சக்கரம் சுழலவில்லை என்றால், நிறம் வருவதற்கு முன்பே மேல்பரப்புக்கு ஏதோ நடந்திருக்கிறது.

இன்னொன்று. எடை, அளவு, காந்தம் மூன்றும் சரியாக இருப்பது போலி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. வெள்ளியிலேயே அடித்த போலிகளும் உண்டு. அதை அப்புறம் பார்ப்போம்.

#4 காசுப்பித்தன்

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன். கழுகு இருக்கும் பக்கம் சக்கரம் சுற்றுகிறது, ஆனால் மங்கலாக. தலைப் பக்கம் சுற்றவே இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி மினுக்குகிறது.

இன்னொன்றும் தெரிந்தது, இதுவரை பார்க்கவே இல்லை. முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே திசையில், வாரிய தலைமுடி மாதிரி. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்து, அடுத்த நொடி மறைந்துவிடுகின்றன. எழுத்துகளை ஒட்டிய இடத்தில் மட்டும் கோடு இல்லை.

#5 பழங்கண்

அதுதான் உங்களை உறுத்தியது. கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத்தான் வரவில்லை.

புழங்கிய காசிலும் கீறல் இருக்கும். ஆனால் அது நாலா பக்கமும் ஓடும். ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒன்று வளைவு. மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய காசில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில், பத்தையாக ஓடும் மயிரிழைக் கோடுகள் துணியோ விரலோ தேய்த்த தடம். எழுத்துக்குப் பக்கத்தில் கோடு இல்லாததற்கும் காரணம் அதுவே. துணி எழுத்தின் மேல் ஏறி இறங்கும்போது அதன் அடிவாரத்தைத் தொட முடியாது. அழுக்கும் அங்கேயே தங்கிவிடும். பெருக்கிய வீட்டில் மூலையில் மட்டும் தூசி நிற்பது போல.

இப்போது லூப்பை எடுங்கள், 10 மடங்கு போதும். நீலம் அந்தக் கோடுகளுக்குள்ளேயும் இறங்கியிருக்கிறதா, அல்லது கோடு நிறத்தை வெட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறதா? இது ஒன்றுதான் இப்போது முக்கியம். கோடு வெள்ளையாக இருந்தால் நிறம் முதலில், தேய்ப்பு பிறகு. கோட்டுக்குள்ளும் நிறம் என்றால் தேய்ப்பு முதலில், நிறம் பிறகு.

#6 காசுப்பித்தன்

கோட்டுக்குள்ளும் நீலம். பக்கத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவே இருக்கிறது.

#7 படலம்

வேதியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் குறுக்கிடுகிறேன்.

அடர்த்தியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கீறப்பட்ட உலோகம் சும்மா இருக்கும் உலோகத்தைவிடச் சீக்கிரம் கந்தகத்தோடு சேரும். தேய்த்த காசு நிறம் மாறினால் தேய்த்த கோடுதான் முதலில் கறுக்கும்.

அந்த நிறத்தைப் பற்றி: காசின் மேல் நீலச் சாயம் எதுவும் இல்லை. இருப்பது வெள்ளி சல்பைடு. அதன் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சில நிறங்களைத் தின்றுவிடும், சில நிறங்களைத் தூக்கிக் காட்டும். ஈரச் சாலையில் எண்ணெய் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி. ஆகவே நிறம் என்பது படலத்தின் தடிமனைக் காட்டும் அளவுகோல்.

தடிமன் ஏற ஏற நிறங்கள் ஒரு வரிசையில்தான் வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தேன் பழுப்பு, பிறகு செந்நீலம், பிறகு அடர்நீலம், அது வெளுத்து வெளிர்நீலம். இரண்டாம் சுற்றில் மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு ஊதா, அதற்குப் பிறகுதான் நல்ல பச்சை. கடைசியில் எல்லாம் போய்க் கருப்பு. பச்சை முதல் சுற்றில் வராது. அதனால் அடர்நீலத்துக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சைத் திட்டு, இடையில் மஞ்சளும் ஊதாவும் ஒரு நூலளவுகூட இல்லை என்றால், "இங்கே படலம் எப்படித் தாவியது?" என்று கேட்க வேண்டும்.

ஆல்பத்தில் இருந்த காசு என்றால் விளிம்பு ஓரம் அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும், காற்றும் அந்த வழியாகத்தான் வரும். விளிம்பில் தடிமன் அதிகம், நடுவில் குறைவு. எனவே வெளியே நீலம், உள்ளே ஊதா, அதற்குள் பொன்னிறம், நடுவில் வெள்ளை என்று வளையம் வளையமாக இருக்க வேண்டும். உங்கள் படத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே நீலம், பொன்னிறமே இல்லை, பச்சை வேறு நடுவில். ஆல்பக் கதை இந்தக் காசுக்குப் பொருந்தவில்லை.

#8 எதிர்க்கேள்வி

ஒரு நிமிடம். ஐம்பது வருடத்தில் வந்தாலும் வெள்ளி சல்பைடு, ஐம்பது நிமிடத்தில் வந்தாலும் வெள்ளி சல்பைடு. மூலக்கூறில் தேதி எழுதியிருக்கிறதா? ஒன்றை "இயற்கை அழகு" என்று தலையில் வைத்து ஆடுகிறீர்கள், இன்னொன்றை மோசடி என்கிறீர்கள். உண்மையில் இரண்டும் துருதானே?

#9 படலம்

துரு என்பது இரும்புக்கு. மற்றபடி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மூலக்கூறில் தேதி இல்லை. அதனால்தான் தரம் பிரிக்கும் நிறுவனங்களேகூட இந்த இடத்தில் நிதானமாகப் பேசுகின்றன. பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கத் தரம் பிரிக்கும் நிறுவனத்தில் 91 என்ற குறியீட்டுக்கு "கேள்விக்குரிய நிறம்" என்றுதான் பெயர்.

#10 பழங்கண்

எதிர்க்கேள்வி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். "இயற்கையா, செயற்கையா" என்ற கேள்விக்கு நூற்றுக்கு நூறு பதில் பல காசுகளில் கிடைக்காது. பல வருடமாகப் பார்த்துவிட்டு நான் அந்தக் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். இந்த நிறம் எதையாவது மறைக்கிறதா? இதுதான் என் கேள்வி. இதற்குப் பதில் பெரும்பாலும் கிடைக்கும்.

சுத்தமான, லஸ்டர் கெடாத வெள்ளைக் காசுக்கு யாராவது ஆசைக்காக நிறம் ஏற்றலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேய்த்துக் கெடுத்த காசை விற்க நிறம் பூசுவதுதான் நான் அதிகம் கண்டது. தேய்த்த காசு உயிரில்லாத வெள்ளையாக இருக்கும், யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அதன் மேல் நீலம் ஏற்றினால் கண் நீலத்திலேயே நின்றுவிடுகிறது. பூசி மெழுகுவது என்பது இங்கே உவமை இல்லை, நேர்ப்பொருள்.

மூட்டை டோனிங்கையும் பார்த்துப் பழகுங்கள். மார்கன் டாலர்கள் கித்தான் மூட்டைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தவை. துணியைத் தொட்ட காசில் ஒரு பக்கம் மட்டும் நிறம் ஏறும், சில சமயம் துணியின் நெசவே பதிந்திருக்கும். மேலே இன்னொரு காசு படுத்திருந்த இடம் வெள்ளையாக, கவராயத்தால் வரைந்த மாதிரி வளைந்த கரையோடு நிற்கும். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் சற்றுத் தயங்கி, மெல்லிய வேறு சாயலில் விளிம்பு கட்டும். அவசரத்தில் ஏற்றிய நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் பள்ளத்தில் குட்டையாகத் தேங்கும்.

#11 செப்புக்காசு

வெள்ளிக்காரர்கள் பாடு பரவாயில்லை. செம்புக்கு வாருங்கள், அழுதுவிடுவீர்கள்.

செம்புக் காசு அச்சிலிருந்து வந்தபோது இருந்த செந்நிறம் ஒருமுறை போனால் போனதுதான். தேய்த்தோ அமிலத்தில் முக்கியோ மீட்டது கொஞ்சம் ரோஜா கலந்த ஆரஞ்சாக இருக்கும், தோல் உரிந்த புண் மாதிரி. அசல் செந்நிறம் மங்கும்போது இடத்துக்கு இடம் வித்தியாசம் காட்டும். உயர்ந்த இடம் முதலில் பழுப்பாகும், எழுத்துகளின் இடுக்கில் சிவப்பு ஒளிந்திருக்கும். அந்த இடுக்குச் சிவப்பை முதலில் தேடுவேன். காசு முழுக்கப் பழுப்பு, இடுக்கிலும் அதே பழுப்பு, தேய்மானமோ கொஞ்சமும் இல்லை என்றால் தேய்த்தபின் நிறம் ஏற்றினார்களோ என்று சந்தேகம் வரும். இடுக்கு கறுத்து, மேடு சிவந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், தேய்த்ததுதான்.

செம்பில் பூச்சு வேலைக்குப் பழைய எடுத்துக்காட்டு 1943 அமெரிக்க சென்ட். போர்க்காலம் என்பதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்புக் கலவையில் விழுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பது காலம் காலமாக நடக்கிறது. காந்தத்தை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும், சாயம் வெளுத்துவிடும். எடை பார்த்தாலும் எஃகு 2.7 கிராம், செம்பு 3.11.

#12 காசுப்பித்தன்

அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு குழப்பம். நேற்று இரவு காசை அசிட்டோனில் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் நிறம் அப்படியே இருக்கிறது. பூசிய நிறம் என்றால் கரைந்திருக்க வேண்டுமே? அப்படியானால் இயற்கைதானே?

#13 படலம்

இல்லை! இந்த ஒரு தவறான நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் நிறைய.

அசிட்டோன் கரைப்பது கரிமப் பொருள்களை. மார்க்கர் மை, வார்னிஷ், எண்ணெய், பசை, பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து வழிந்த பச்சைப் பிசுக்கு இவையெல்லாம் அதில் போகும். உலோகத்தையும் தொடாது, சல்பைடையும் தொடாது. நிறம் கரைந்தால் அது சாயம் என்று அடித்துச் சொல்லலாம். கரையாவிட்டால் சாயம் இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். கந்தகத்தாலும் சூட்டாலும் ஏற்றிய நிறம் அசிட்டோனில் வருடக்கணக்கில் கிடந்தாலும் போகாது, ஏனென்றால் அதுவும் அசல் சல்பைடுதான். எதிர்க்கேள்வி சொன்ன அதே விஷயம்.

அப்புறம், கண்ணாடிப் பாத்திரத்தில்தானே வைத்தீர்கள்? பிளாஸ்டிக் என்றால் அந்த பிளாஸ்டிக்கே கரைந்து காசில் படியும். சுத்தமான அசிட்டோன்தானா? நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் இருக்கும். சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள். பஞ்சால் துடைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

#14 காசுப்பித்தன்

கண்ணாடிதான். துடைக்கவில்லை. (துடைக்க நினைத்தேன்.)

#15 மண்மூடி

பழங்காலக் காசு சேர்க்கிறவன். எங்கள் பக்கம் கதை தலைகீழ். எங்களுக்குப் பளபளத்தால்தான் பயம்.

மண்ணுக்குள் கிடந்த வெண்கலக் காசில் களிம்பு அடுக்கடுக்காக வளரும். உலோகத்தை ஒட்டிச் செந்நிற ஆக்சைடு, அதன் மேல் பச்சை. அது உலோகத்தோடு சேர்ந்து இறுகியது. ஊசி முனையால் லேசாகத் தொட்டால் வழுக்கும். பூசிய களிம்பு மெத்தென்று இருக்கும், ஊசி இறங்கும், சில சமயம் மெழுகு மாதிரி சுருண்டு வரும். சாயமும் பசையும் கலந்ததை அசிட்டோன் காட்டிக்கொடுத்துவிடும், எங்களுக்கு அது நல்ல நண்பன். பாலைவனத்துக் காசு என்று சொல்லி, பள்ளத்தில் மணலைப் பசை வைத்து ஒட்டி, மேட்டை மட்டும் துடைத்து விடுவார்கள். உருவம் எடுப்பாகத் தெரியும். படத்தில் பார்க்க அள்ளும்.

களிம்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அதன் அடியில் உளி வேலை நடந்திருக்கும். தேய்ந்த தலைமுடியைப் புதிதாகக் கீறுவது, குழிவிழுந்த வெற்றிடத்தைச் சுரண்டிச் சமன் செய்வது, பிறகு சுரண்டிய பளிச்சென்ற தடத்தை மறைக்கப் பச்சை பூசுவது. வெற்றிடம் கண்ணாடி போல வழவழப்பாகவும் விளிம்பும் எழுத்தும் சொரசொரப்பாகவும் இருந்தால் நான் காசைக் கீழே வைத்துவிடுவேன். ஒரே மண்ணில் ஒரே காலம் கிடந்ததற்கு இரண்டு விதமான தோல் எப்படி வரும்?

வெளிர்பச்சைப் பொடியாகக் கொட்டினால் அது வேறு சங்கதி: குளோரைடு நோய். மோசடி இல்லை, ஆனால் அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

#16 நெறியாளர்

இந்த இழையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தப் பொருளை எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வைத்தால் எந்த நிறம் வரும் என்ற செய்முறை இங்கே வேண்டாம். கண்டுபிடிக்கும் வழியைப் பேசுங்கள்.

#17 பொன்முகம்

தங்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தங்கம் கறுக்காது. கலந்திருக்கும் செம்பு வேண்டுமானால் அங்கங்கே செம்புள்ளி விடும், அது இயற்கை. ஆனால் முகத்தின் மேலும் வெற்றிடத்திலும் மட்டும் பால் ஏடு மாதிரி ஒரு மங்கல் இருந்தால் அது எங்கிருந்தோ வந்தது. வெட்டுக் காயத்தை நிரப்ப மெழுகோ மக்கோ தடவியிருப்பார்கள். விற்கும்போது தெரியாது, நாளாக நாளாக வெளுத்து, தடவிய விரலின் வழியே தெரியும். லூப்பில் பார்த்தால் மங்கலுக்கு ஒரு கரை இருக்கும்.

வெள்ளியில் இன்னொரு கொடுமை, சுழலும் கம்பித் தூரிகையால் தேய்ப்பது. முதல் பார்வையில் புதுக்காசு மாதிரி ஜொலிக்கும். ஆனால் அந்த ஜொலிப்பு சுற்றாது. தூரிகை உலோகத்தை இழுத்துக்கொண்டு போய் எழுத்துகளின் ஓரத்தில் வரப்பாகக் குவித்திருக்கும். ஒருமுறை லூப்பில் அந்த வரப்பைப் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

#18 எதிர்க்கேள்வி

சரி, டிப் செய்வது, அதாவது நிறம் போக ரசாயனக் கரைசலில் முக்குவது? நூறு வருடத்துக்கு மேலான வெள்ளி பால்வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் யாரோ எப்போதோ முக்கியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் நல்ல தரம் கொடுக்கிறார்களே. நிறத்தை ஏற்றினால் குற்றம், இறக்கினால் குணமா?

#19 பழங்கண்

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, சந்தைக்கும் இல்லை. டிப் என்பது சல்பைடாக மாறிவிட்ட வெள்ளியைக் கரைத்து எடுப்பது. ஒருமுறை, சில நொடி, நன்றாக அலசினால் ஓட்ட வரப்புகள் தப்பிவிடும், சக்கரம் சுழலும், யாரும் கண்டுகொள்வதில்லை. திரும்பத் திரும்ப முக்கினால் வரப்பின் முனை மழுங்கி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அலசாமல் விட்டால் இடுக்கில் மஞ்சள் பழுப்புக் கறை பிறகு கிளம்பும். வெள்ளையாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் நான் பார்ப்பது அந்தச் சக்கரத்தைத்தான்.

காசுப்பித்தன் தம்பிக்கு: உங்கள் காசைத் தரம் பிரிக்க அனுப்பினால், என் கணிப்பில் தர எண் கிடைக்காது. சுத்தம் செய்தது என்று 92-ஓ, நிறம் சரியில்லை என்று 91-ஓ போட்டு அனுப்பிவிடுவார்கள். கட்டணம் தண்டம். நாளை மறுநாளோடு ஏழு நாள் முடிகிறது. கீறல் தெரியும் காணொளியை விற்றவருக்கு அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். "நிறம் போலி" என்று சண்டைக்குப் போகாதீர்கள், அதை நிரூபிக்க முடியாது. "சுத்தம் செய்த காசு, விளம்பரத்தில் சொல்லவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். கோடு கண்ணால் காண்பது, மறுக்க முடியாது.

#20 செப்புக்காசு

அடுத்த முறை வாங்கும் முன் ஒன்று. படத்தில் காசைப் பார்ப்பதற்கு முன் காசைச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். பிடித்திருக்கும் விரல் ஆரஞ்சாகவும் பின்னாலுள்ள வெள்ளைத் தாள் இளநீலமாகவும் இருந்தால் காசின் நிறத்தில் பாதி கணினியில் ஏற்றியது. சாய்த்துச் சுற்றும் காணொளி கேளுங்கள். இயற்கை டோனிங் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும். அனுப்ப மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

#21 காசுப்பித்தன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். திருப்பி எடுத்துக்கொண்டார். காணொளியைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை, "அனுப்பி வையுங்கள்" என்றார், அவ்வளவுதான். பழங்கண் ஐயா சொன்னபடி நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இன்னொரு விஷயம். இருட்டறையும் விளக்கும் இருந்ததால் பெட்டியிலிருந்த மற்ற காசுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். ஆறேழு தேறவில்லை, அதைப் பற்றிப் பேச மனமில்லை. ஆனால் 1921 டாலர் ஒன்று, அழுக்குப் பழுப்பாக இருக்கிறதே என்று ஓரமாக ஒதுக்கி வைத்தது, சாய்த்ததும் அந்தப் பழுப்புக்கு அடியில் சக்கரம் சுற்றுகிறது. விளிம்பில் ஒரு நூல் நீலம், அடுத்து ஊதா, அடுத்து தேன் நிறம், நடுவில் கிட்டத்தட்ட வெள்ளை. கோடு எதுவும் தென்படவில்லை. படம் போட்டிருக்கிறேன், இந்த முறை ஒற்றை விளக்கில்.

லேசாக ஒரு டிப் கொடுத்தால் இன்னும் எடுப்பாகத் தெரியுமோ?

#22 பழங்கண்

தொடாதீர்கள்.

#23 செப்புக்காசு

தொடாதே தம்பி.

#24 எதிர்க்கேள்வி

நான்கூடச் சொல்கிறேன், தொடாதீர்கள்.